எதிர்ச்சரிவில் ஒருத்தி

எங்கள் துறையில் நிவெஸ் கர்லோனிக்கு 'ரெண்டு கடைக்காரி' என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. ஊர்பினோ பல்கலைக்கழகத்தில் நானும் அவளும் பல வருடங்களாக ஒரே அறையில் உட்கார்ந்திருக்கிறோம். நான் புள்ளியியல், அவள் கணிதம். ஒரு சந்தை, அதில் இரண்டே இரண்டு கம்பெனிகள், இரண்டும் விற்பது ஒரே சரக்கு. இதைத் தவிர வேறு எதைப் பற்றியும் அவள் யோசித்து நான் பார்த்ததில்லை. எதிராளி நேற்று எவ்வளவு சரக்கு இறக்கினான் என்று பார்த்து ஒவ்வொருவனும் தன் இன்றைய அளவை முடிவு செய்வான். இப்படி முட்டி மோதிக் கடைசியில் இருவரும் ஓர் அளவில் அடங்கிவிடுவார்கள் என்பது பழைய பாடம். நிவெஸுக்கு அடங்காதவர்கள் மேல்தான் ஆசை. சூத்திரத்தில் ஓர் எண்ணைக் கொஞ்சம் நகர்த்தினால் போதும், இரண்டு கம்பெனிகளும் ஒரு நாள் போல மறுநாள் இல்லாமல், முடிவே இல்லாமல் அலைய ஆரம்பிக்கும். அங்கே பகடை எதுவும் உருளுவதில்லை. நாளைய எண்ணை இன்றே போட்டுப் பார்த்துவிடலாம். ஆனால் தொடக்கத்தில் ஒரு துளி பிசகினால் அடுத்த மாதம் முழுவதும் வேறாகிவிடும்.

"இதுக்கு எதுக்கு இவ்வளவு கணக்கு?" என்று நான் சீண்டுவேன். "எங்க வீட்டுக்கு ஒரு ஞாயித்துக்கிழமை சாப்பிட வா. என் பெண்டாட்டியும் எங்கம்மாவும் அடுப்படியிலயே நடத்திக் காட்டுவாங்க."

"அவங்க ரெண்டு பேரும் நாளைக்கு என்ன பேசுவாங்கன்னு உனக்கே தெரியும். அதனால அது கணக்குல சேராது" என்பாள்.

போன வருடம் வசந்தத்தில் ரோமிலிருந்து, வணிகப் போட்டியைக் கண்காணிக்கும் அலுவலகத்தார் அவளை அழைத்தார்கள். எங்கள் மலைகளுக்கு உள்ளே, ஒரு பள்ளத்தாக்கின் இரண்டு சரிவுகளிலும் இரண்டு குடிநீர் ஆலைகள் இருந்தன. ஊற்று நீரைப் பாட்டிலில் அடைத்து லாரியில் அனுப்புகிறவை. ஒரு நாள் ஒன்று சந்தையை நிரப்பும், மற்றது ஒதுங்கும். அப்புறம் இரண்டும் சேர்ந்து ஏறும். திடீரென்று இரண்டும் சுருங்கும். 'இன்று நீ, நாளை நான்' என்று ரகசியமாகப் பேசி வைத்துக்கொண்டு ஆடுகிறார்களா என்பதுதான் சந்தேகம். கணக்கைப் பார்த்துச் சொல்ல வேண்டும். நிவெஸுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. ஆகவே நானும் போனேன்.

கிழக்குச் சரிவின் ஆலை ஒத்தாவியோ பிராண்ட்ஸி என்பவருடையது. அறுபதைத் தாண்டிய, கல்யாணம் செய்துகொள்ளாத மனிதர். நல்ல உயரம், எப்போதும் கழுத்தில் டை. அவருடைய மேசை அறையின் நடுவில் இல்லை, சன்னலை ஒட்டிக் கிடந்தது. சன்னலுக்கு வெளியே பள்ளத்தாக்கு. அதற்கு அப்பால் மேற்குச் சரிவில் அந்த இன்னொரு ஆலையின் வாசல், மாடியில் ஒரு மஞ்சள் விளக்கு. மேசை மேல் ஒரு தொலைநோக்கி இருந்தது. அதன் தோல் உறை கைபட்டுப் பளபளத்திருந்தது.

"பேசி வெச்சுக்கறதா? அவகூடவா?" என்று அவர் சிரித்தார். "டாக்டரம்மா, அந்தப் பொம்பளையை நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. கிளேலியா விட்மார்னு பேரு. திரியெஸ்தே ஊர்க்காரி. புருஷன் செத்ததும் அவன் பணத்துல அந்த ஆலையை வாங்கினா. போன்ல ஒரு வார்த்தை பேசினதில்லை. ஆனா எனக்கு அவளைத் தெரியும்."

"எப்படித் தெரியும்?" என்றாள் நிவெஸ்.

"லாரியை எண்ணித்தான். அவ மனசுல இருக்கறதெல்லாம் அந்த வாசல் வழியா வெளியே வந்துடும். போன வாரம் பாருங்க, என்னை மதிக்காம ஒரு கையளவு லாரி அனுப்பினா. அலட்சியம்! நான் கொஞ்சம் ஏத்தினேன். உடனே வீம்பு வந்துடுச்சு, அவளும் ஏத்தினா. நான் விடுவேனா, வாசலே தெரியாத அளவுக்கு இறக்கினேன். மறுநாள் பயந்து உள்ளே போயிட்டா. அன்னிக்குப் பூரா எனக்கே பாவமா இருந்துச்சு." தொலைநோக்கியை எடுத்து ஒருமுறை பார்த்துவிட்டு வைத்தார். "இன்னிக்கு அவளுக்குத் தலைவலின்னு நினைக்கிறேன். சுரத்தே இல்லை."

காபி கொண்டுவந்த பெண் அவர் முதுகுக்குப் பின்னால் நின்று, தன் காதுக்கு மேலே விரலை வைத்துத் திருகி, அவருக்கு மண்டை கழண்டுவிட்டது என்று ஜாடை காட்டிவிட்டுப் போனாள்.

ஒத்தாவியோ தன் ஆலையின் பழைய எண்ணிக்கைகளைத் தந்தார். திரும்பி வரும் வழியில் நிவெஸ் மடிக்கணினியைத் திறந்து அந்த எண்களைப் போட்டுப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஊருக்குள் நுழையும்போதுதான் மூடினாள்.

"அலட்சியம், வீம்பு, பயம்" என்றாள். "எதிராளி கொஞ்சமா இறக்கினா அலட்சியமா இருக்கணும். நடுத்தரமா இறக்கினா மோதணும். ரொம்ப இறக்கினா ஒதுங்கணும். இது அப்படியே என் சூத்திரம், சவேரியோ. ஒரே வரி."

"அந்தம்மாவோடதா?"

"அவரோடது."

மேற்குச் சரிவுக்கு மறுவாரம் போனோம். அங்கே எங்களை எதிர்கொண்டவர் மேற்பார்வையாளர் லிவியோ. கட்டைகுட்டையான ஆள், கண்களுக்குக் கீழே கருவளையம். முதலாளியம்மாவைப் பார்க்க வேண்டும் என்றாள் நிவெஸ்.

"அம்மா மேலே இருக்காங்க" என்றார். சொன்ன பிறகு எங்களைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார். நாங்கள் படியேறப் போனதும் பின்னாலேயே ஓடி வந்தார். "மேடம், மேலே போகவேண்டாம். அம்மா யாரையும் பார்க்கறதில்லை."

"நான் அரசாங்கக் கடிதத்தோட வந்திருக்கேன்."

அவர் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டார். "சரி, பாருங்க. யாராவது ஒருத்தர் பார்த்துடட்டும். என்னால முடியலை" என்றார்.

அறை கதகதப்பாக இருந்தது. மேசை மேல் மஞ்சள் விளக்கு எரிந்தது. நாற்காலியில் ஒரு பச்சைக் கம்பளிச் சால்வை மடித்துப் போடப்பட்டிருந்தது. நாற்காலியில் யாரும் இல்லை. சன்னல் பக்கம் ஒரு முக்காலியில் கேமரா, ஒத்தாவியோவின் வாசலை நேராகப் பார்த்துக்கொண்டு நின்றது. கீழே ஒரு கணினி மெல்ல முனகிக்கொண்டிருந்தது. திரையில் ஓர் எண் மட்டும் தெரிந்தது. நாங்கள் பார்க்கும்போதே அது ஒன்று கூடியது. அதே நேரத்தில் பள்ளத்தாக்குக்கு அப்பால் ஒரு லாரி வாசலைக் கடந்து வளைவில் மறைந்தது.

"அம்மா போன இலையுதிர் காலத்துலயே திரியெஸ்தேல செத்துப்போயிட்டாங்க" என்றார் லிவியோ. "அதுக்கு முன்னாலயே படுக்கைதான். மலையேறி வர முடியலைன்னு இதை ஏற்பாடு பண்ணினாங்க. எதிர்ல எத்தனை லாரி போச்சுன்னு இது எண்ணும். நாளைக்கு நாம எத்தனை அனுப்பணும்னு இதுவே போட்டுக் கீழே மெஷினுக்குச் சொல்லிடும். தண்ணி எடுக்கற உரிமை அவங்க பேர்ல இருக்கு. ஆலையை விக்கற வரைக்கும் வெளியே மூச்சு விடாதேன்னு வாரிசுங்க சொல்லிட்டாங்க. விளக்கை மட்டும் நான் போடறேன்."

"ஏன்?"

"டிரைவருங்க கேக்கறாங்களே. அம்மாவுக்கு இன்னிக்கு ஏன் இவ்வளவு ஆங்காரம், அம்மா ஏன் சோர்ந்துட்டாங்கன்னு. அணைஞ்சிருந்தா சந்தேகம் வந்துடும்." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஒண்ணு சொல்றேன், சிரிக்காதீங்க. சில நாள் நானே கதவைத் தட்டிட்டுத்தான் உள்ளே வரேன்."

நாங்கள் சிரிக்கவில்லை. நான் அந்தச் சால்வையைப் பார்க்காமல் வெளியே வந்தேன்.

ஒத்தாவியோவிடம் சொல்லத்தான் வேண்டும் என்றாள் நிவெஸ். எப்படியும் அறிக்கையில் எழுதப் போகிறாள். அவர் அதைக் காகிதத்தில் படிக்கக் கூடாது. அன்று பிற்பகலே பள்ளத்தாக்கைச் சுற்றிக்கொண்டு போனோம். அவள் நேராகச் சொன்னாள். அவர் முழுவதும் கேட்டார்.

"போன இலையுதிர் காலமா?" என்றார்.

"ஆமா."

"அப்ப கிறிஸ்துமஸ் வாரம் என்கூடச் சண்டை போட்டது யாரு? என்னைத் தூங்கவிடாம அடிச்சாளே, அது யாரு? பிப்ரவரியில எனக்குக் காய்ச்சல். நான் ஒதுங்கினதும் அவளும் மெதுவா ஒதுங்கினா. மனுஷிதானே அப்படிச் செய்வா?"

"அது ஒரு வரிக் கணக்கு, சார். நீங்க அனுப்பினதுக்கு அது பதில் அனுப்பிச்சு. அதுக்கு நீங்க. ரெண்டும் மாறி மாறி மோதினா இப்படித்தான் உயிர் இருக்கற மாதிரி ஆடும். உள்ளே யாரும் இருக்கணும்னு அவசியமில்லை."

"எனக்குப் பைத்தியம்னு சொல்ல வந்தீங்களா?"

"இல்லை. நீங்களே சோதிச்சுப் பாருங்க. ஒரு வாரம் தினமும் ஒரே எண்ணிக்கை அனுப்புங்க. ஏத்தவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். அங்கே ஒரு மனுஷி இருந்தா, பொறுமை இழந்து ஏதாவது செய்வாங்க. கணக்குன்னா அசையாது."

அவர் எழுந்து கதவைத் திறந்துவிட்டார். போகச் சொல்கிறார் என்று புரிந்தது.

ஆனால் செய்து பார்த்திருக்கிறார். மறுவாரம் அவரே கூப்பிட்டார். போனபோது துக்கத்துக்குக் கட்டுவது போல அவர் டை கறுப்பாக இருந்தது. முகம் சவரம் செய்யப்படவில்லை. மேசை மேல் யாரும் தொடாத ரொட்டியும் பன்றித்தொடை இறைச்சியும் காய்ந்து கிடந்தன.

"மறுநாளே நின்னுடுச்சு" என்றார். "தினமும் அதே எண். ஒண்ணு கூடலை, ஒண்ணு குறையலை. மூச்சு விடாத உடம்பைப் பார்த்திருக்கீங்களா டாக்டரம்மா? நெஞ்சையே பார்த்துக்கிட்டு இருப்போம், இப்ப ஏறும் இப்ப ஏறும்னு. அப்படி அந்த வாசலைப் பார்த்துக்கிட்டே இருந்தேன்."

அவர் தொலைநோக்கியைத் தள்ளி வைத்தார்.

"அவ போன இலையுதிர் காலத்துல சாகலை. இந்தச் செவ்வாய்க்கிழமை செத்தா. நான்தான் கொன்னேன்." கைகளை முகத்தில் வைத்துத் தேய்த்துக்கொண்டார். "இன்னிக்குக் காலையில தாங்க முடியாம ஒரு லாரி அதிகமா அனுப்பிட்டேன். ஒண்ணே ஒண்ணு. நாளைக்குப் பாருங்க."

மறுநாள் அங்கே எண்ணிக்கை மாறியது. அதற்குப் பதில் சொல்லும்படி இவரும் மாற்றினார். மாத முடிவில் இரண்டு வாசல்களும் முன்பு போலவே கொந்தளித்துக்கொண்டிருந்தன. நிவெஸ் அறிக்கையை அனுப்பினாள்: சதி எதுவும் இல்லை, சதி செய்ய எதிர்ப்பக்கத்தில் ஆளே இல்லை. வழக்கு மூடப்பட்டது. விஷயம் வெளியே வந்ததும் வாரிசுகள் அவசரப்பட்டார்கள். அந்த ஆலையை வாங்கியவர் ஒத்தாவியோ.

எங்கள் துறையில் எல்லாரும் சிரித்தார்கள். இரண்டு கம்பெனி ஒன்றானால் நிவெஸுக்கு வேலை போச்சு என்றார்கள். இனிமேல் அவர் நிதானமாக விலையை ஏற்றிக்கொண்டு சுகமாக இருக்கலாமே! ஆனால் அவர் எதிரி ஆலையை மூடவில்லை. கேமராவை எடுக்கவில்லை. விளக்கைத் தினமும் போடும்படி லிவியோவிடம் சொல்லியிருந்தார். தன்னுடைய ஆலைகள் இரண்டையும் ஒன்றோடொன்று மோதவிட்டு, சன்னலோரம் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தார்.

கோடையில் மறுபடி கூப்பிட்டு அனுப்பினார். இந்த முறை ரொட்டி சூடாக இருந்தது, எங்களைச் சாப்பிட வைத்துவிட்டுத்தான் பேசினார்.

"டாக்டர் எனக்கு இதயத்துல கோளாறுன்னு சொல்லிட்டார். கடற்கரைக்குப் போய்க் கொஞ்ச நாள் இருன்னார். நான் போனா இங்க யாரு பதில் சொல்லுவா? அவ தனியா நின்னுடுவாளே." நிவெஸின் பக்கம் குனிந்தார். "அவளுக்கு ஒரு வரி இருக்கற மாதிரி எனக்கும் ஒண்ணு எழுதிக் கொடுக்க முடியுமா? உங்களால முடியும்னா எவ்வளவு நாள் ஆகும்?"

நிவெஸ் என்னைப் பார்த்தாள். வேண்டாம் என்று கண்ணைக் காட்டினேன்.

"ஏற்கெனவே இருக்கு" என்றாள்.

"எப்பலேர்ந்து?"

"முதல் தடவை உங்களைப் பார்த்துட்டுத் திரும்பிப் போற வழியிலேர்ந்து. அப்புறம் லிவியோகிட்ட தினமும் உங்க எண்ணிக்கையைக் கேட்டுச் சரிபார்த்தேன். நீங்க மறுநாள் எத்தனை அனுப்புவீங்கன்னு ஒரு லாரி முன்னே பின்னே சொல்லிடும்."

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். அதை எழுதிக் காட்டச் சொன்னார். சாப்பாட்டு மேசையிலிருந்த காகிதத் துண்டில் எழுதினாள். வலமும் இடமும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இவ்வளவுதானா?" என்றார். "அவளோடதும் இதேதானா?"

"கிட்டத்தட்ட. ஒரு எண் மட்டும் வேற."

அந்த வாரமே அவர் சன்னலிலும் ஒரு கேமரா வந்தது. நிவெஸே கணினியைப் பொருத்தி, எண் தானாகக் கீழே டிரைவர்களுக்குப் போகும்படி செய்து கொடுத்தாள். ஒத்தாவியோ ஆலையில் யாரிடமும் சொல்லாமல், பெட்டியை எடுத்துக்கொண்டு பின்வழியாக ஃபானோவுக்குப் போய்விட்டார். அறையைப் பூட்டி, யாராவது கேட்டால் தான் உள்ளே வேலையாக இருப்பதாகச் சொல்லும்படி காபிப் பெண்ணிடம் மட்டும் சொல்லிவைத்தார். கடற்கரையில் மீன் குழம்பு சாப்பிட்டார், படகுகளைப் பார்த்தார், சீட்டாட்டத்தில் தோற்றார். அங்கிருந்து எங்களுக்கு ஒரு வாழ்த்து அட்டைகூடப் போட்டார்.

ஊர் திரும்பிய காலையில் அவரிடமிருந்து போன் வந்தது. உடனே வாருங்கள் என்றார். குரல் சரியில்லை.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். வெயிலில் கறுத்திருந்தார், ஆனால் உதடுகள் வெளுத்திருந்தன.

"டிரைவருங்க வந்தாங்க" என்றார். "ரெமோன்னு மூத்தவன் ஒருத்தன், தொப்பியைக் கையில பிடிச்சுக்கிட்டு நிக்கறான். என்னடான்னா, 'ஐயா, எங்க மேல என்ன கோபம்? போன வாரம் பூரா இப்படி விரட்டினீங்களே. ஒரு நாள் எங்களைச் சாகடிச்சீங்க, மறுநாள் வேலையே இல்லைன்னு உக்கார வெச்சீங்க. வியாழக்கிழமைதான் உங்க மனசு கொஞ்சம் ஆறிச்சு. எதுவா இருந்தாலும் நேர்ல சொல்லுங்க'ங்கறான். வியாழக்கிழமை நான் மணல்ல படுத்துத் தூங்கிக்கிட்டிருந்தேன், டாக்டரம்மா."

"நீங்க என்ன சொன்னீங்க?" என்று நான் கேட்டேன்.

"மன்னிச்சுக்கடா, உடம்பு சரியில்லைன்னு சொன்னேன். வேற என்ன சொல்ல? அவன் சமாதானமாகி, கையைப் பிடிச்சுக் குலுக்கிட்டுப் போனான்." நிவெஸின் முன்கையை இறுக்கிப் பிடித்தார். "அந்த வாரம் கோபப்பட்டது யாரு? மனசு ஆறினது யாரு?"

நிவெஸ் தலையை உயர்த்தி மாடிச் சன்னலைப் பார்த்தாள்.

"எடுத்துடுங்க" என்றார். "என் பக்கத்துதை எடுத்துடுங்க. அவ இருக்கட்டும்."

மாடிக்குப் போனோம். நிவெஸ் மண்டியிட்டு உட்கார்ந்து, கணினியின் இணைப்புகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். கேமராவை நான் சன்னலிலிருந்து கழற்றினேன். அறை சட்டென்று அமைதியாகிவிட்டது. அது அவ்வளவு நேரம் முனகிக்கொண்டிருந்தது அப்போதுதான் உறைத்தது. ஒத்தாவியோ தன் நாற்காலியில் உட்கார்ந்தார். தொலைநோக்கியை உறையிலிருந்து எடுத்தார். நேற்று எதிர்வாசலிலிருந்து எத்தனை போயின என்று போன் செய்து லிவியோவிடம் கேட்டு, அந்த எண்ணை உரக்கத் திரும்பச் சொன்னார். பிறகு வெகுநேரம் யோசித்தார். ஒருமுறை எழுந்து நடந்தார். பென்சிலை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். கடைசியில் தலையை ஆட்டிக்கொண்டு, ஒரு காகிதத்தில் தன் எண்ணைப் பெரிதாக எழுதினார். அவர் முகத்தில் ரத்தம் திரும்பியிருந்தது.

"பார்த்தீங்களா? இதை எந்த மெஷினும் போட்டிருக்காது. நான் முதல்ல வேற நினைச்சேன். அப்புறம் ரெமோ முகம் ஞாபகம் வந்துச்சு, மாத்திட்டேன்."

நிவெஸ் அவர் தோளுக்குப் பின்னால் நின்றிருந்தாள். அவள் அந்தக் காகிதத்தைப் பார்த்தாள். லிவியோ சொன்ன எண் எங்கள் எல்லார் காதிலும் விழுந்திருந்தது, அந்த ஒரு வரியை மனதுக்குள் போட்டுப் பார்க்க அவளுக்கு நேரம் ஆகாது. அவள் என் பக்கம் திரும்பினாள். நான் அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை.

"நல்ல எண்" என்றாள் அவரிடம். "வெச்சுக்குங்க."

அவர் காகிதத்தை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போய், முற்றத்தில் நின்று டிரைவர்களுக்கு உரக்கச் சொன்னார். கீழே யாரோ எதையோ கேலியாகச் சொல்ல, அவர் வாய்விட்டுச் சிரித்தது மாடி வரை கேட்டது.

நாங்கள் கிளம்பினோம். பள்ளத்தாக்கின் அடியில் பாலம் குறுகல். லாரிகள் இறங்கி முடிகிறவரை ஓரங்கட்டி நிற்க வேண்டியிருந்தது. கிழக்கிலிருந்து வருபவை ஒரு பக்கம், மேற்கிலிருந்து வருபவை ஒரு பக்கம், தூசியைக் கிளப்பிக்கொண்டு ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. நிவெஸ் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாள். எனக்கே தெரியாமல் என் உதடுகள் அசைந்திருக்க வேண்டும்.

"எண்ணாதே, சவேரியோ" என்றாள்.